ஒபாமாவுக்குக் கறுப்பினத்தவர் எடுத்த எடுப்பில் ஓட்டுப் போட்டுவிடவில்லை

கேள்வி இதுதான்: 2008 அமெரிக்க அதிபர் தேர்தலில் கறுப்பினத்தவரில் 95 சதவீதம் பேர் பராக் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். செனட்டில் ஒரு பதவிக்காலத்தைக்கூட முடிக்காதவருக்கு இவ்வளவு ஆதரவு என்றால், அது நிறத்தைப் பார்த்துப் போட்ட ஓட்டுதானே? தகுதி, அனுபவம் எல்லாம் எங்கே போயிற்று?

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த 95-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியாது. 2000-ல் அல் கோர் கறுப்பினத்தவரிடம் வாங்கியது 90 சதவீதம். 2004-ல் ஜான் கெர்ரி வாங்கியது 88. இருவரும் வெள்ளையர்கள். ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தினாலும் கறுப்பினத்தவரில் பத்துக்கு ஒன்பது பேர் அந்தப் பக்கம்தான். 1964-ல், இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைச் சட்டத்தில் ஜனநாயகக் கட்சி அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டரைக் குடியரசுக் கட்சி தன் வேட்பாளராக நிறுத்தியது. அன்றிலிருந்து இதுதான் நிலவரம். ஆக, ஒபாமாவின் நிறம் சதவீதத்தில் கூட்டிக் கொடுத்தது ஐந்து முதல் ஏழு புள்ளிகள். வீட்டில் இருந்திருக்கக்கூடிய பலரை வாக்குச்சாவடிக்கு அழைத்து வந்தது, அது வேறு.

இன்னொன்றும் பாருங்கள். 2006-ல் ஒஹையோவில் ஆளுநர் பதவிக்கு கென் பிளாக்வெல், பென்சில்வேனியாவில் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் லின் ஸ்வான், மேரிலாந்தில் செனட்டுக்கு மைக்கேல் ஸ்டீல் என்று மூன்று கறுப்பின வேட்பாளர்களைக் குடியரசுக் கட்சி நிறுத்தியது. மூவரும் தோற்றார்கள். மூன்று மாநிலங்களிலும் பெரும்பாலான கறுப்பினத்தவர் எதிரில் நின்ற வெள்ளையருக்கே வாக்களித்தார்கள். நிறம் ஒன்றே போதும் என்றால் இப்படி நடந்திருக்காது.

அதனால் இனம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நவம்பர் மாதத் தேர்தல் சரியான இடமில்லை. அங்கே கட்சி எல்லாவற்றையும் மூடிவிடும். இரண்டு பேரும் ஒரே கட்சி, கொள்கையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒருவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர் என்ற நிலையில் என்ன நடந்தது? அதற்கு, அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனநாயகக் கட்சி நடத்தும் உட்கட்சித் தேர்தலுக்கு (பிரைமரி), அதிலும் தென் கரோலினாவுக்குப் போகவேண்டும். அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வாக்களிப்பவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்.

2007 அக்டோபரில், அதாவது வாக்குப்பதிவு தொடங்க மூன்று மாதம் இருக்கும்போது, நாடு முழுக்கக் கறுப்பின ஜனநாயகக் கட்சியினரிடையே முன்னணியில் இருந்தவர் ஹிலாரி கிளின்டன். ஆமாம், ஹிலாரிதான். 1965-ல் அலபாமாவின் செல்மா பாலத்தில் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் மண்டை உடைந்த ஜான் லூயிஸ், ஹிலாரியை ஆதரித்தார். மார்ட்டின் லூதர் கிங்கின் வலதுகையாக இருந்த ஆண்ட்ரூ யங்கும் ஹிலாரி பக்கம். 1984-லும் 1988-லும் அதிபர் வேட்பாளராக முயன்ற கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன் ஒபாமாவை ஆதரித்தார், அவர் மகன் ஒபாமா பிரசாரக் குழுவிலேயே இருந்தார், ஜாக்சனின் மனைவியோ ஹிலாரிக்கு ஆதரவு. ஒரே வீட்டுக்குள் இந்தக் கதை.

தென் கரோலினாவில் ராபர்ட் ஃபோர்ட் என்று ஒரு மாநில செனட்டர். கறுப்பினத்தவர். இளவயதில் கிங்கின் இயக்கத்தில் வேலை செய்தவர். 2007 பிப்ரவரியில் அவர் ஹிலாரியை ஆதரித்தபோது காரணத்தைப் போட்டு உடைத்தார்: ஒபாமா வேட்பாளரானால் அவர் கறுப்பர் என்பதாலேயே கட்சியில் அவரோடு நிற்கும் அத்தனை பேரும் தோற்பார்கள், நாடாளுமன்றமும் போகும், ஆளுநர் பதவிகளும் போகும் என்றார். பிறகு மன்னிப்பும் கேட்டார். ஆனால் அவர் வாய்விட்டுச் சொன்னதைப் பலரும் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இதை இன விசுவாசம் இல்லாமை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. அறுபது வயது தென் கரோலினாக்காரர் ஒருவர் ஓட்டுரிமைச் சட்டம் வந்த 1965-க்கு முன் எப்படி இருந்தது என்பதைக் கண்ணால் பார்த்தவர். வெள்ளையர்கள் எதைச் செய்வார்கள், எதைச் செய்யமாட்டார்கள் என்பதில் அவருக்கு வாழ்நாள் முழுக்கப் படித்த பாடம் இருக்கிறது. அந்தப் பாடத்தின்படி வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள நாடு கறுப்பரை அதிபராக்காது. அப்படியிருக்க நம் ஓட்டை ஏன் வீணாக்க வேண்டும்? ஜெயிக்கக்கூடிய, நமக்குத் தெரிந்த, நம்மை மதிக்கிற வெள்ளைக்காரருக்குப் போடுவோம். கிளின்டன் தம்பதி அவர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். ஒபாமாவோ ஹவாயில் பிறந்து, கன்சாஸ்காரத் தாய்க்கும் கென்யத் தந்தைக்கும் மகனாக, ஹார்வர்டில் படித்து வந்தவர். 'இவர் நம்ம ஆள்தானா?' என்ற சந்தேகமும் அப்போது வெளிப்படையாகவே பேசப்பட்டது. 2000-ல் சிகாகோவில் கறுப்பினத்தவர் மிகுந்த தொகுதியில், உட்கட்சித் தேர்தலில் கறுப்பின எம்.பி. பாபி ரஷ்ஷை எதிர்த்து நின்று ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஒபாமா தோற்றதற்கும் இந்தச் சந்தேகம் ஒரு காரணம். மனைவி மிஷெல் விஷயத்தில் அந்தக் கேள்வி எழவில்லை. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தந்தை ஜிம் ராபின்சன் தென் கரோலினாவின் ஜார்ஜ்டவுன் பக்கம் நெல் விளைவித்த ஒரு தோட்டத்தில் அடிமையாக இருந்தவர்.

அதற்கும் மேலே ஒரு பயம் இருந்தது. கொன்றுவிடுவார்கள். 1963-ல் மெட்கர் எவர்ஸ், 1965-ல் மால்கம் எக்ஸ், 1968-ல் கிங்: மூவரும் சுட்டுக் கொல்லப்பட்ட கறுப்பினத் தலைவர்கள். வயதான பெண்கள் பலர் ஒபாமாவைப் பிடித்திருக்கிறது, அதனாலேயே அவருக்குப் போடமாட்டேன் என்றார்கள். இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 2007 மே மாதமே ஒபாமாவுக்கு, அதிபர்களைக் காக்கும் சீக்ரெட் சர்வீஸ் பாதுகாப்பு கொடுத்தார்கள். அதுவரை எந்த வேட்பாளருக்கும் அவ்வளவு சீக்கிரம் கொடுத்ததில்லை.

2007 நவம்பரில் மிஷெல் ஒபாமா ஆரஞ்ச்பர்க் ஊரில் பேசினார். 1968-ல் பௌலிங் கூடம் ஒன்று கறுப்பினத்தவரை உள்ளே விடாததை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் மீது போலீஸ் சுட்டு மூன்று பேர் இறந்த ஊர் அது. வந்திருந்தவர்களின் மனதில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். சேர்த்து வைத்த பணத்தையெல்லாம் போட்டுப் புதுச் சோபா வாங்கி, அழுக்காகிவிடும் என்று அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு வைக்கும் அத்தை, பாட்டி பற்றிச் சொன்னார். உங்கள் பயம் அன்பினால் வந்தது, புரிகிறது, ஆனால் அந்த உறையை எடுங்கள் என்பதுதான் சாரம். கொள்கை விளக்கம் எதுவும் இந்த வேலையைச் செய்திருக்காது. ஒபாமாவின் ஆட்கள் அந்த மாநிலத்தில் முடிதிருத்தகங்களிலும் பெண்களின் அழகு நிலையங்களிலும் உட்கார்ந்து ஆள் சேர்த்தார்கள். இந்தப் பயம் பேசப்படும் இடங்கள் அவைதான்.

சரி, அப்புறம் என்ன மாறியது? 2008 ஜனவரி 3, உட்கட்சிப் போட்டியில் முதலில் ஓட்டு விழுந்த மாநிலமான அயோவா. அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வெள்ளையர்கள். ஒபாமா ஏறக்குறைய 38 சதவீதம் வாங்கி ஜெயித்தார். இன்னொரு போட்டியாளரான ஜான் எட்வர்ட்ஸுக்கு 30-ஐ ஒட்டி, ஹிலாரிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. தென் கரோலினாவில் உள்ள பாட்டிக்கு இது புதுத் தகவல். வெள்ளையர்கள் போடமாட்டார்கள் என்று நினைத்தோம், போடுகிறார்களே! சரியாக இருபத்து மூன்று நாள் கழித்துத் தென் கரோலினாவில் ஒபாமா 55, ஹிலாரி 27. கறுப்பினத்தவரில் 78 சதவீதம் ஒபாமாவுக்கு. பிப்ரவரி முடிவதற்குள் ஜான் லூயிஸும் கட்சிக்குள்ளேயே அணி மாறினார்.

என் பார்வையில் அந்த 78 சதவீதத்தின் பின்னால் உள்ள கணக்கு இதுதான்: மற்றவர்கள் இவரை ஏற்பார்களா என்ற கேள்விக்கு முதலில் விடை தெரியவேண்டும், சொந்த விருப்பம் அதற்குப் பிறகுதான் வெளியே வரும். சிறுபான்மையினராக வாழ்ந்து பழகியவர்கள் எல்லோருமே தேர்தலை இப்படித்தான் பார்ப்பார்கள். பெரும்பான்மையைச் சேர்ந்தவருக்கு இந்தக் கூடுதல் வேலை கிடையாது. தனக்குப் பிடித்தவருக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அரசியல் ஆய்வாளர் மைக்கேல் டாசன் இதற்கு நெருக்கமான ஒன்றை 1990-களிலேயே சொல்லியிருக்கிறார்: கறுப்பின அமெரிக்கர் பலர், தன் சமூகத்துக்கு நல்லதா என்று பார்ப்பதையே தனக்கு நல்லதா என்று பார்ப்பதற்கான குறுக்குவழியாக வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றன.

அயோவாவுக்கும் தென் கரோலினாவுக்கும் நடுவில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது, ஏனென்றால் உங்கள் கேள்வியில் உள்ள 'அனுபவம்' அங்கேதான் வந்து மாட்டிக்கொண்டது. ஹிலாரியின் பிரசாரமே அனுபவம்தான். ஜனவரி 7-ம் தேதி அவர் சொன்னார்: கிங்கின் கனவு, லிண்டன் ஜான்சன் 1964-ல் சட்டத்தை நிறைவேற்றியபோதுதான் நனவாகத் தொடங்கியது, அதற்கு ஓர் அதிபர் தேவைப்பட்டார். அவர் சொல்ல வந்தது சுலபமாகப் புரியும். பேச்சு மட்டும் போதாது, அரசாங்கத்தை நடத்தத் தெரியவேண்டும். வரலாற்றுப்படியும் தப்பில்லை. பல வெள்ளைக் காதுகளுக்கு அது அனுபவம் பற்றிய வாதமாகவே கேட்டது. அடி வாங்கியவர்கள், சிறை சென்றவர்கள், செத்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, பேனாவால் கையெழுத்துப் போட்டவருக்குப் பெருமை போகிறது என்று பல கறுப்பினத்தவருக்குக் கேட்டது. தென் கரோலினாவின் மூத்த கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் தன் வருத்தத்தை வெளியே சொன்னார். ஹிலாரியை இனவாதி என்று அப்போது சிலர் சொன்னது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் தென் கரோலினா முடிவு வந்த அன்று பில் கிளின்டன், ஜெஸ்ஸி ஜாக்சனும் இங்கே '84-லும் '88-லும் ஜெயித்தார் என்றாரே, அதற்குச் சாக்குச் சொல்ல முடியாது. கறுப்பர் ஜெயித்தால் கறுப்பர் ஓட்டு என்று தள்ளிவைக்கும் பேச்சு அது.

இப்போது மறுபக்கம். வெள்ளை வாக்காளர்களிடம் இனம் எப்படி வேலை செய்தது? இங்கே ஒரே விடை கிடையாது. நவம்பரில் ஒபாமா வெள்ளையரிடம் 43 சதவீதம் வாங்கினார், கெர்ரி வாங்கிய 41-ஐவிட அதிகம். பார்த்தீர்களா, இனமே ஒரு பொருட்டில்லை என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அந்த 43-ஐப் பிரித்துப் பாருங்கள். வெர்மான்டில் வெள்ளையரில் மூன்றில் இரண்டு பங்கு ஒபாமாவுக்கு. அலபாமாவில் பத்தில் ஒருவர். அதே மனிதர், அதே பேச்சு, அதே அனுபவம். கட்சி ஒரு பெரிய காரணம்தான். ஆனால் அலபாமாவில் கெர்ரி வாங்கியதைவிட ஒபாமாவுக்கு வெள்ளையர் ஓட்டு குறைந்தது. பொருளாதாரம் சரிந்து, குடியரசுக் கட்சி நாடு முழுக்க அடி வாங்கிய ஆண்டில் அது குறைந்ததற்குக் கட்சியைக் காரணம் சொல்ல முடியாது. மே மாதம் மேற்கு வர்ஜீனியா பிரைமரியில் ஹிலாரி 67, ஒபாமா 26. அதற்கு முந்தைய வாரங்களில் ஒபாமாதான் வேட்பாளர் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது. வாக்களித்துவிட்டு வெளியே வந்த வெள்ளையரில் சுமார் ஐந்தில் ஒருவர், இனமும் என் முடிவில் ஒரு காரணம் என்று கருத்துக்கணிப்பாளரிடமே ஒப்புக்கொண்டார்கள். இதில் வர்க்கமும் கலந்திருக்கிறது. வேலை போன சிற்றூர் மக்களைப் பற்றி, அவர்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பற்றிக்கொள்கிறார்கள் என்று ஒபாமா சான் பிரான்சிஸ்கோவில் பேசியது ஏப்ரலில் வெளியே வந்திருந்தது. அது அந்த மக்களைப் புண்படுத்தியது நியாயமே.

இனத்தை நேராகச் சொல்லாமல் வேறு வழியாகச் சொல்வதும் நடந்தது. அவர் முஸ்லிம், வெளிநாட்டவர் என்ற வதந்திகள் அப்படிப்பட்டவை. அக்டோபர் 10-ம் தேதி மினசோட்டாவின் லேக்வில் ஊரில், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜான் மெக்கெய்னின் கூட்டம். ஒரு மூதாட்டி ஒலிவாங்கியைப் பிடித்து, ஒபாமாவை நம்பமுடியவில்லை, அவர் ஓர் அராபியர் என்றார். மெக்கெய்ன் தலையை ஆட்டிக்கொண்டே ஒலிவாங்கியை அவர் கையிலிருந்து வாங்கி, இல்லை அம்மா, அவர் நல்ல குடும்பஸ்தர், எனக்கும் அவருக்கும் அடிப்படையான விஷயங்களில் கருத்து வேறுபாடு, அவ்வளவுதான் என்றார். சொந்தக் கட்சிக்காரர்களே கூச்சலிட்டார்கள். மெக்கெய்ன்மீது மதிப்பு கூடிய தருணம் அது. அராபியர் என்றால் நல்ல குடும்பஸ்தர் இல்லையா என்று யாரும் அங்கே கேட்கவில்லை என்பதும் உண்மை.

வாக்காளர் தெரிந்தே பொய் சொல்கிறார் என்று நினைக்கவேண்டாம். பல நேரம் பார்வையே மாறிவிடுகிறது. யூஜின் கருசோவும் சக ஆய்வாளர்களும் 2009-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒபாமாவின் படங்களில் தோல் நிறத்தைக் கணினியில் கொஞ்சம் வெளுப்பாக்கியும் கொஞ்சம் கருப்பாக்கியும், எந்தப் படம் அவரை உள்ளபடி காட்டுகிறது என்று கேட்டார்கள். அவருடைய அரசியலோடு ஒத்துப்போனவர்கள் வெளுப்பாக்கிய படத்தையும், ஒத்துப்போகாதவர்கள் கருப்பாக்கிய படத்தையும் தேர்ந்தெடுக்கும் போக்கு தெரிந்தது. ஆதரவாளர்களும் இதில் நிரபராதிகள் இல்லை என்பதைக் கவனியுங்கள். பிடித்தவரைத் தன்னையறியாமல் வெளுப்பாக்கிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒபாமாவே இந்தச் சிக்கலைப் பேசினார். அவருடைய போதகர் ஜெரமையா ரைட்டின் காரசாரமான பிரசங்கங்கள் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்த 2008 மார்ச்சில், பிலடெல்பியாவில், தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டியைப் பற்றிச் சொன்னார்: உலகில் மற்ற எதற்கும் குறையாமல் என்னை நேசித்தவர், ஆனால் தெருவில் கறுப்பின ஆண்கள் எதிரே வந்தால் பயமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டவர். பாட்டியைப் பொதுமேடைக்கு இழுத்துவிட்டார் என்று சிலர் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்த உரையிலேயே மிக நேர்மையான இடம் அதுதான். அன்பும் பயமும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை மற்ற அரசியல்வாதிகள் சொல்லமாட்டார்கள்.

இனி அனுபவக் கேள்விக்கு வருகிறேன், சீக்கிரம் முடித்துவிடலாம். ஒபாமாவுக்கு இருந்தது இலினாய் மாநில செனட்டில் எட்டு ஆண்டுகள், அமெரிக்க செனட்டில் நான்குக்கும் குறைவு. மெக்கெய்ன் வியட்நாமில் ஐந்தரை ஆண்டு போர்க்கைதியாக இருந்தவர், 1987 முதல் செனட்டர். காகிதத்தில் ஒப்பிடவே முடியாது. ஆனால் அவர் துணை அதிபர் வேட்பாளராக, இரண்டு ஆண்டுகூட ஆளுநராக இல்லாத சாரா பேலினைக் கொண்டுவந்ததும் அந்த வாதத்தைத் தானே கிழித்துப் போட்டார். செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி கவிழ்ந்தது. பதற்றப்பட்டவராகத் தெரிந்தது அனுபவசாலிதான். இராக் போருக்கு 2002 அக்டோபரில் ஹிலாரி ஆதரவாக வாக்களித்தார். அதே மாதம் சிகாகோ கூட்டமொன்றில் ஒபாமா எதிர்த்துப் பேசினார். மகனை இராக்குக்கு அனுப்பிய வீட்டில் எது பெரிய தகுதி?

2016-ல் என்ன ஆயிற்று பாருங்கள். எந்தப் பதவியும் வகிக்காத, ராணுவத்திலும் இருக்காத டொனால்ட் டிரம்ப் அதிபரானார். 2008-ல் அனுபவம் அனுபவம் என்று கேட்டவர்களில் பலருக்கு அது இப்போது குறையாகத் தெரியவில்லை. ஜனநாயகக் கட்சியினர் மட்டும் என்ன, ஒபாமாவுக்காக அனுபவத்தை அலட்சியம் செய்தவர்கள் 2016-ல் ஹிலாரியின் அனுபவப் பட்டியலை நீட்டி முழக்கினார்கள். வேட்பாளர் முதலில் மனதில் அமர்ந்துவிடுகிறார், தகுதிப் பட்டியல் அவருக்கு ஏற்றபடி பிறகு எழுதப்படுகிறது.

2020-ல் தென் கரோலினா மறுபடி அதே கணக்கைப் போட்டது. கமலா ஹாரிஸும் கோரி புக்கரும் முதல் ஓட்டு விழும் முன்பே போட்டியிலிருந்து விலகிவிட்டார்கள். கறுப்பின மூத்தோர் பைடன் பக்கம். டிரம்பைத் தோற்கடிக்க வெள்ளையர்கள் யாருக்குப் போடுவார்கள் என்பதே கேள்வியாக இருந்தது. ஒரு கறுப்பர்கீழ் எட்டு ஆண்டு முகம் சுளிக்காமல் இரண்டாமிடத்தில் இருந்தவர் என்பதையே அவர்கள் பைடனின் அனுபவமாகப் பார்த்தார்கள். பிப்ரவரி 26-ல் கிளைபர்ன் ஆதரவு தெரிவித்தார், 29-ல் பைடன் ஜெயித்தார். அதுவரை முதல் மூன்று மாநிலங்களிலும் தோற்றிருந்தவர்.

நம்மவர்களைப் பற்றியும் கேட்பீர்கள் என்பதால் ஒன்று. 2024-ல் கமலா ஹாரிஸ் நின்றபோது அவர் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது, பேனர் வைத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் டிரம்ப் சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மத்தியில் உட்கார்ந்து, இவர் இந்தியராக இருந்தார், திடீரென்று கறுப்பராகிவிட்டார் என்றார். சரி, இந்திய வம்சாவளி அமெரிக்கர்கள் 'நம்ம பொண்ணு' என்று குவிந்தார்களா? தேர்தலுக்கு முன் கார்னகி நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பில் 61 சதவீதம் ஹாரிஸுக்கு, 32 சதவீதம் டிரம்புக்கு என்றார்கள். டிரம்பின் பங்கு 2020-ல் இருந்ததைவிடக் கூடியிருந்தது. பெண்களில் 67 சதவீதம் ஹாரிஸ் பக்கம், ஆண்களில் 53 சதவீதம் மட்டுமே. எது முக்கியம் என்று கேட்டதற்கு முதலில் வந்தவை விலைவாசி, வேலைவாய்ப்பு, கருக்கலைப்பு உரிமை.